முப்பத்தஞ்சு வருஷம் தறியில உக்காந்தவர் ஒரே ராத்திரியில எழுந்துட்டார்னா யார் நம்புவா?

கதை எழுதறவங்களுக்கான கேள்வி பதில்

இந்த தடவை வந்த கடிதங்கள்ல மூணு, கிட்டத்தட்ட ஒரே விஷயத்தை மூணு பக்கத்துல இருந்து கேக்குது: கதையில ஒரு ஆள் எடுக்கற முடிவை வாசகர் எப்படி நம்புவாங்க? அதனால மூணையும் சேத்தே எடுத்துக்கறேன். முதல் கடிதத்துக்கு பதில் நீளமா போகும், பொறுத்துக்கோங்க, என் கைக்கு வர்ற கதைகள்ல பாதிக்கு மேல இந்த இடத்துல தான் தடுக்கி விழுது.

கேள்வி: அக்கா, எங்க பெரியப்பா காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல பட்டு நெய்ஞ்சவரு. 35 வருஷம் தறியில உக்காந்தவரு, 2022-ல ஒரு நாள் காலைல எழுந்து தறிய வித்துடறேன்னாரு, வித்துட்டு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு செக்யூரிட்டி வேலைக்கு போயிட்டாரு. அதை குறுநாவலா எழுதிட்டு இருக்கேன். நோட்டு செல்லாதுன்னது, ஜிஎஸ்டி, லாக்டவுன், ஜரிகை விலை, கூலி பாக்கி, பவர்லூம்ல நெய்ஞ்சு பட்டுன்னு விக்கற சேலை, பையன் நெசவுக்கு வராதது, எல்லாம் எழுதியிருக்கேன். கடைசில அவரு பெரியம்மா கிட்ட ரெண்டு பக்கத்துக்கு மனசு விட்டு பேசி முடிவை சொல்றாரு. படிச்ச தோழி, "எல்லாம் சரிடி, ஆனா அவரு ஏன் வித்தாருன்னு எனக்கு ஒட்டவே இல்ல, திடீர்னு இருக்கு"ங்கறா. இத்தனை காரணம் பத்தாதா? இன்னும் என்ன சேக்கணும்? இத்தனைக்கும் இது நிஜமா நடந்தது.
— ஒரு வாசகி, காஞ்சிபுரம்

பதில்: எதையும் சேக்காதீங்கம்மா. நீங்க அனுப்பின பக்கங்களை ரெண்டு தடவை படிச்சேன், உங்க தோழி சொன்னது சரி, ஆனா அதுக்கு காரணம் பத்தல்லங்கறது இல்ல.

வாசகர் இடத்துல உக்காந்து பாருங்க. நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சது 2016 நவம்பர் 8. உங்க பெரியப்பா அந்த மாசம் கூலியே வாங்காம, கடனுக்கு அரிசி வாங்கிட்டு வந்து, மறுநாள் காலைல தறியில உக்காந்தாரு, இது நீங்க எழுதினது தான். ஜிஎஸ்டி 2017 ஜூலை 1, அப்பவும் உக்காந்தாரு. 2020 மார்ச் 25-ல நாடே மூடினப்ப கையில இருந்த பாவு நூலை, அதாவது தறியில நீளவாக்குல ஏத்தற நூலை, ஒரு நாளைக்கு கொஞ்சம் கொஞ்சமா, தீந்துடக் கூடாதேன்னு மெதுவா நெய்ஞ்சாருன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வரி ரொம்ப நல்லா இருந்துச்சு, நான் அங்க நிறுத்தி ரெண்டு நிமிஷம் யோசிச்சேன். ஆனா அந்த வரி என்ன பண்ணிடுச்சுன்னா, இந்த மனுஷனை எதுவும் அசைக்காதுன்னு எனக்கு நிரூபிச்சிடுச்சு. நீங்க ஒவ்வொரு கஷ்டமா அடுக்க அடுக்க அவரு ஒவ்வொண்ணையும் தாண்டி வர்றாரு, தாண்டி வரும்போதெல்லாம் அவரு தறிய விடமாட்டாருங்கற நம்பிக்கை தான் எனக்கு கூடுது, அப்புறம் 2022-ல எந்த பெரிய இடியும் விழாத ஒரு காலைல அவரு எழுந்து விக்கறேன்னா எனக்கு எப்படி ஒட்டும்? 2016-லயே விக்காதவரு இப்ப ஏன் விக்கறாருன்னு தான கேப்பேன்.

அதனால அவரை தறிய விட்டு எது தள்ளுச்சுன்னு தேடறதை நிறுத்திட்டு, இத்தனை தள்ளியும் எது அவரை பிடிச்சு வெச்சிருந்துச்சுன்னு தேடுங்க. அந்த பிடி எதுன்னு எனக்கு தெரிஞ்சு, அது நழுவறதை நான் கண்ணால பாத்துட்டேன்னா, அவரு வாயைத் திறந்து ஒரு காரணமும் சொல்ல வேணாம், நானே எழுந்து போய் தறிக்கு விலை பேசிடுவேன்.

அந்த பிடி உங்க கதையிலயே இருக்கு, நீங்க தான் கவனிக்கல. பதினோராவது பக்கத்துல போற போக்குல ஒரு வரி: "பெரியம்மா அந்தப் பக்கம் உக்காந்து கோர்வை நாடாவை வாங்கித் தள்ளுவாங்க, அப்ப தான் ரெண்டு பேரும் பேசிக்குவாங்க." அவ்ளோ தான், அடுத்த வரியில ஜரிகை விலைக்கு போயிட்டீங்க.

நெசவு தெரியாத வாசகர்களுக்காக இங்க கொஞ்சம் சொல்லிடறேன். காஞ்சிபுரம் பட்டுல உடல் ஒரு நிறம், கரை வேற நிறம்னு பளிச்சுனு பிரிஞ்சு நிக்குதே, அந்த கோர்வை வேலைக்கு மூணு நாடா, அதாவது குறுக்கு நூலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டு போற கட்டை, ஓடணும், உடலுக்கு ஒண்ணு, ரெண்டு கரைக்கும் ரெண்டு. வழக்கமா ஒரு ஆளால அது ஆகாது, தறிக்காரர் பக்கத்துலயே இன்னொருத்தர் உக்காந்து அந்தக் கரை நாடாவை வாங்கி வாங்கி தள்ளணும், ஒவ்வொரு இழைக்கும். பெரும்பாலும் அது வீட்டு ஆளா தான் இருக்கும், பொண்டாட்டி, இல்ல புள்ள. அப்ப யோசிச்சு பாருங்க, ஒரு புருஷனும் பொண்டாட்டியும் 35 வருஷமா தினம் எட்டு மணி நேரம் ஒரு முழம் தள்ளி உக்காந்து ஒருத்தர் கையில இருந்து வர்றதை இன்னொருத்தர் வாங்கி திருப்பி அனுப்பிட்டே இருந்திருக்காங்க. வீட்டுல மத்த நேரம் அந்த மனுஷன் பேசறதே இல்லன்னு நீங்களே நாலாவது பக்கத்துல எழுதியிருக்கீங்க. நோட்டு செல்லாதப்பவும் லாக்டவுன்லயும் அவரு எதுக்கு போய் உக்காந்தாருன்னு இப்ப எனக்கு புரியுது.

அப்படின்னா கேள்வி இது தான், 2022-ல அந்தப் பக்கம் என்ன ஆச்சு? தயவு செஞ்சு பெரியம்மாவை சாகடிச்சுடாதீங்க. ஒரு சாவை வெச்சா முடிவுக்கு ஈஸியா காரணம் கிடைச்சுடும், ஆனா அப்ப முடிவெடுத்தது அவரு இல்ல, சாவு தான். சின்னதா ஏதாவது ஆகட்டும். பொண்ணு பிரசவத்துக்கு அவங்க மூணு மாசம் சென்னைக்கு போறாங்கன்னு வெச்சுக்கோங்க. போன முதல் வாரம் இவரு கூலிக்கு ஒரு பையனை உக்கார வெக்கறாரு, பையன் காதுல இயர்போன் மாட்டிட்டு நல்லா தான் வேலை பண்றான், தப்பே சொல்ல முடியாது. ரெண்டாவது வாரம் அவனை வேணாம்னு அனுப்பிட்டு கோர்வை இல்லாத சாதா சேலையா தனியா நெய்யறாரு. ராத்திரி போன்ல பெரியம்மா பேரனைப் பத்தி பேசறாங்க, இவரு ம் ம்ங்கறாரு. மூணு மாசம் ஆறு மாசம் ஆகுது. திரும்பி வந்த அவங்களுக்கு தோள்பட்டை தூக்க முடியல, இல்லன்னா தூக்க முடியுது ஆனா மனசு பேரன் கிட்ட இருக்கு, எதுன்னு நீங்க தான் முடிவு பண்ணணும், உங்க பெரியம்மா உங்களுக்கு தான் தெரியும். அவங்க அந்தப் பக்கம் வந்து உக்காந்து ஒரு அரை மணி நேரம் நாடா தள்ளிட்டு "கொஞ்சம் படுத்துக்கறேன்"னு எழுந்து போற இடத்துல உங்க கதையோட முடிவு எடுக்கப்பட்டாச்சு. அவருக்கே அது இன்னும் தெரியாது. வாசகருக்கு தெரிஞ்சுடும்.

இப்ப அந்த ரெண்டு பக்க பேச்சு. அதை எடுத்துடுங்க. உங்களுக்கு கஷ்டமா இருக்கும், அதுல நாலஞ்சு நல்ல வரி இருக்கு, இருந்தாலும் எடுத்துடுங்க, ஏன்னா ஜாஸ்தி பேசாத மனுஷன் வாழ்க்கையிலயே பெரிய முடிவை எடுக்கற அன்னிக்கு மட்டும் வக்கீல் மாதிரி ஒண்ணு ரெண்டுன்னு காரணம் அடுக்கினா அங்க பேசறது அவரு இல்ல, நீங்க. வாசகர் நம்ப மாட்டாங்களோன்னு நீங்க பயந்து, அவரை சாட்சிக்கூண்டுல ஏத்தி வெச்சிருக்கீங்க.

அதுக்கு பதிலா ஒரு வேலையை காட்டுங்க. நெசவுல ஒரு பழக்கம் இருக்கு, உங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கும். ஒரு பாவு முடியும்போது கடைசி நூலை, தறியில இழைகளை பிரிச்சு பிடிக்கற அச்சுலயும் விழுதுலயும் அப்படியே கொஞ்சம் விட்டு வெப்பாங்க, புது பாவு வந்ததும் அந்த பழைய நுனியோட புது நுனியை ஒவ்வொரு இழையா பிணைக்கறதுக்கு. ஆயிரக்கணக்கான இழை, அந்த மிச்சத்தை விட்டு வெச்சா தான் அடுத்த பாவு சுலபமா ஏறும். 35 வருஷமா ஒவ்வொரு பாவு முடியும்போதும் அவரு அதை விட்டு வெச்சிருக்காரு. அன்னிக்கு அவரு முழுசா வெட்டி எடுத்துடறாரு. பெரியம்மா அடுப்படியில இருந்து பாக்கறாங்க, ஒண்ணும் சொல்லல. இதுக்கு மேல எனக்கு எந்த வசனமும் வேணாம். ஆனா ஒண்ணு, இது வேலை செய்யணும்னா கதையோட முன் பாதியில ஒரு தடவையாவது அவரு அந்த நுனியை விட்டு வெக்கறதையும் பெரியம்மா கூட உக்காந்து பிணைக்கறதையும் நீங்க காட்டியிருக்கணும், இல்லன்னா அவரு வெட்டும்போது வாசகருக்கு அது வெறும் நூல்.

நிஜமா நடந்ததுன்னு எழுதியிருக்கீங்க. அது உங்களுக்கு பலம் தான், ஆனா அதை வாசகர் முன்னாடி சாட்சியா வெக்க முடியாது. நிஜத்துல பெரியப்பாவோட 35 வருஷமும் உங்க கண்ணு முன்னாடி நடந்துச்சு, அதனால அந்த காலை உங்களுக்கு திடீர்னு தோணினாலும் உள்ளுக்குள்ள நீங்க அதிர்ச்சி ஆகல. வாசகர் கையில இருக்கறது அறுபது பக்கம் தான். பெரியம்மா இருக்காங்கன்னா அவங்க கிட்ட போய் ஏன் வித்தாருன்னு கேக்காதீங்க, ஏன்னு கேட்டா எல்லாரும் கட்டுப்படி ஆகலன்னு தான் சொல்லுவாங்க. அதுக்கு முந்தின மாசம் அவரு என்ன என்ன பண்ணிட்டு இருந்தாரு, எதை பண்ணாம விட்டாருன்னு கேளுங்க. சாப்பாட்டுல இருந்து ஆரம்பிங்க, அது அவங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இன்னொரு விஷயம் கேக்கணும்னு இருந்தேன். அது குழித்தறி தான? தறிய கழட்டி ஆளுங்க எடுத்துட்டு போயிட்டாங்க, சரி, அதுக்கப்புறம் வீட்டு நடுவுல கால் வெக்கற குழி அப்படியே கிடக்குமே, அதை உங்க கதையில யாரும் மூடவே இல்ல. எத்தனை கூடை மண்ணு ஆச்சு, யாரு சுமந்தா, மேல சிமெண்ட் போட்டாங்களா, மழைக்காலத்துல அந்த இடம் மட்டும் ஈரம் ஊறி நிறம் மாறி தெரியுதா? உங்க முடிவு அங்க தான் இருக்குன்னு எனக்கு தோணுது.

கேள்வி: வணக்கம் அக்கா. என் நாவல்ல கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி கதாநாயகி கல்யாணத்தை நிறுத்திடறா. மாப்பிள்ளை நல்லவன், அப்பா கடன் வாங்கி மண்டபம் எல்லாம் புக் பண்ணியிருக்காரு. படிச்ச நாலு பேருமே அவ மேல கோவப்படறாங்க, "எப்படி இப்படி பண்ணலாம், நம்ப முடியல"ங்கறாங்க. மாப்பிள்ளைய கெட்டவனா மாத்திடலாமான்னு யோசிக்கறேன். வாசகர் அவளை ஏத்துக்கற மாதிரி எப்படி எழுதறது?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மாத்திடாதீங்க தம்பி. ஏத்துக்கறது வேற, நம்பறது வேற, உங்க நாலு பேரும் ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லியிருக்காங்க, நீங்களும் ஒண்ணா எடுத்துக்கிட்டீங்க. கோவம் வர்றது நல்லது தான், ஆள் உயிரோட இருந்தா தான் கோவம் வரும். நம்ப முடியலங்கறதை மட்டும் சரி பண்ணுங்க.

கைகேயியை எடுத்துக்கோங்க. அவ பண்ணினது சரின்னு ஊர்ல பெரும்பாலும் யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா அவ அப்படி பண்ணியிருக்கவே மாட்டான்னும் யாரும் சொல்றதில்ல. கம்பர் அதை எப்படி பண்ணினாருன்னு மந்தரை சூழ்ச்சிப் படலத்தை ஒரு தடவை நிதானமா படிச்சு பாருங்க, கதை எழுதறவங்களுக்கு அதை விட பெரிய பாடம் எனக்கு தெரிஞ்சு இல்ல. ராமனுக்கு பட்டம்னு கேட்டதும் கைகேயி மந்தரைக்கு மாலையை கழட்டி பரிசா குடுக்கறா. "இராமனைப் பயந்த எற்கு இடர் உண்டோ"ங்கறா, பெத்தது கோசலைன்னாலும் அவன் என் புள்ளைங்கற நினைப்பு. அவளை பிடிச்சு வெச்சிருக்கற கயிறு அது, அதை கம்பர் முதல்லயே நம்ம கையில குடுத்துடறாரு. மந்தரை பரதனுக்கு போச்சேன்னு அழறா, வேலைக்கு ஆகல. நீ எனக்கும் நல்லவ இல்ல, என் புள்ள பரதனுக்கும் நல்லவ இல்லன்னு கைகேயி சீறி விழறா.

அப்புறம் மந்தரை பாதையை மாத்தறா பாருங்க. நாளைக்கு கஷ்டத்துல ஒருத்தர் வந்து உன் வாசல்ல கை நீட்டினா என்ன பண்ணுவ, கோசலை கிட்ட போய் கேட்டு வாங்கி குடுப்பியா, வெக்கப்பட்டு நிப்பியா, இல்லன்னு சொல்லுவியா, எப்படி வாழுவங்கறா. உன் அப்பாவும் அண்ணன் தம்பியும் உன்னை பாக்க வந்தா உன் சக்களத்தியோட செல்வத்தையா பாத்துட்டு போகணும்? கடைசியா ஒண்ணு, சீதையோட அப்பன் இதுநாள் வரைக்கும் உன் புருஷனுக்கு பயந்து தான் உன் அப்பனை அடிக்காம இருக்கான், இனிமே ராமனுக்கு மாமனார் அவன், உன் அப்பனுக்கு வாழ்வு உண்டாங்கறா. ராமன் மேல இருக்கற பாசத்தை மந்தரை தொடவே இல்ல, பொறந்த வீட்டு கௌரவத்தை தான் தொட்டா, கல்யாணம் ஆகி போன எந்த பொண்ணுக்கும் அது எந்த இடம்னு கம்பருக்கு தெரிஞ்சிருக்கு. தேவர்கள் வாங்கின வரத்தையும் அவங்க மாயையையும் கூட அவரு காரணமா சொல்றாரு தான், ஆனா அதுக்கு முன்னாடியே இந்த வேலை எல்லாம் பண்ணி வெச்சுட்டாரு. அதுக்கப்புறம் கைகேயி நெத்தி திலகத்தை அழிச்சு, நகையெல்லாம் கழட்டி எறிஞ்சு, வெறுந்தரையில படுக்கறா. தசரதன் இன்னும் வரவே இல்ல, ஆனா படிக்கற நமக்கு எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு தெரியுது.

உங்க பொண்ணுக்கு வருவோம். அவளை அந்த கல்யாணத்துல பிடிச்சு வெச்சிருந்தது எது? அப்பாவோட கடன்னு நீங்க நினைக்கறீங்க, படிச்சா எனக்கு அப்படி தெரியல. அத்தை வீட்டுல வளந்த பொண்ணு, தனக்குன்னு ஒரு கதவு, ஒரு சாவி வேணும்னு பதினஞ்சு வயசுல இருந்து ஏங்கினவ, அந்த மாப்பிள்ளை வீட்டுல அது கிடைக்கும்னு தான் சரின்னா. அப்ப மாப்பிள்ளை நல்லவனாவே இருக்கட்டும். வீடு பாக்க போன அன்னிக்கு அவன் ரொம்ப பிரியமா, "உன் ரூம்ல தான் எங்க அம்மா துணிமணி பீரோ இருக்கும், அவங்க வந்து போய்ட்டு இருப்பாங்க, கதவை சாத்திக்காத"ன்னு சொல்லட்டும். அவன் மேல ஒரு தப்பும் இல்ல. வாசகர் அவ மேல கோவப்படட்டும், ஆனா அந்த கதவை மறக்க மாட்டாங்க.

கேள்வி: முடிவெடுத்தது ஏன்னு பாத்திரத்துக்கே தெரியாம இருக்கலாமா? அப்படி எழுதினா ஏமாத்தற மாதிரி ஆகாதா?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: இருக்கலாம். எழுதறவங்களுக்கு தெரிஞ்சிருந்தா போதும்.

எங்க அப்பா வாடகை சைக்கிள் கடை வெச்சிருந்தாரு. பன்னெண்டு சைக்கிள், ஒரு நோட்டு, ஒரு காத்து பம்ப். எல்லார் வீட்டுலயும் வண்டி வந்தாச்சு, மணிக்கணக்கு வாடகைக்கு சைக்கிள் எடுக்க ஆளே இல்ல, அம்மா தினம் சொல்லுவாங்க மூடிடுங்கன்னு, அவரு ஏழெட்டு வருஷம் காதுலயே வாங்கல. தினம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு கோர்ட்ல குமாஸ்தாவா இருந்து ரிட்டயர் ஆன ஒரு மாமா வருவாரு, ஒரு மர ஸ்டூல் அவருக்குன்னே வெளிய கிடக்கும், உக்காந்து பேப்பரை முதல் பக்கத்துல இருந்து கடைசி பக்கம் வரைக்கும் சத்தமா படிப்பாரு, அப்பா பஞ்சர் ஒட்டிட்டே கேப்பாரு. சில நாள் ஒட்ட பஞ்சர் இருக்காது, பழைய ட்யூபை எடுத்து வெச்சுக்கிட்டு சும்மா தேய்ச்சிட்டு இருப்பாரு. ஒரு கார்த்திகை மாசம் அந்த மாமா தவறிட்டாரு. அப்பா காரியம் முடியற வரைக்கும் கூட இருந்தாரு, அதுக்கப்புறமும் கடையை திறந்தாரு, அஞ்சு மணிக்கு ஸ்டூலை வெளிய எடுத்து போட்டாரு, ஏழு மணிக்கு உள்ள எடுத்து வெச்சாரு. தை பொறக்கறதுக்குள்ள பன்னெண்டு சைக்கிளையும் பழைய இரும்புக்கு போட்டுட்டாரு.

எனக்கு அப்ப பதினாலு வயசு, ஏன்னு அவர் கிட்ட கேக்கல. கேட்டிருந்தா கடை வாடகை கட்டுப்படி ஆகலன்னு தான் சொல்லியிருப்பாரு. ஸ்டூலை மட்டும் இரும்புக் கடைக்காரன் வண்டியில ஏத்தாம வீட்டுக்கு கொண்டு வந்துட்டாரு, ரொம்ப நாள் அது எங்க வீட்டு கிணத்தடியில கிடந்துச்சு, அம்மா அது மேல துணி துவைக்கற சோப்பு வெப்பாங்க.